வலிக்காத பல்லை டாக்டரிடம் ஏன் காட்ட வேண்டும்?

கேள்வி: டாக்டர், நாங்கள் வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு 41 வயது, விவசாயம். பெண்ணுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பையனுக்கு இரண்டரை. மாமியாருக்கு 64 வயது, சர்க்கரை உண்டு. போன மாதம் பள்ளிக்கூடத்துக்கு வந்த மருத்துவக் குழு, பெண்ணின் கடைவாய்ப் பல்லில் சொத்தை இருக்கிறது, காட்டுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தது. அவளுக்கு வலியே இல்லை. "பால்பல்தானே, விழுந்து முளைக்கும். வலிக்காத பல்லைக் கொண்டுபோய்க் காட்டினால் எதையாவது கண்டுபிடித்துப் பணம் பிடுங்குவார்கள்" என்கிறார் வீட்டுக்காரர். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு பல்லில் வேர் சிகிச்சை, கேப் என்று நிறைய செலவானது; அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. அவருக்கே பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. அவருடைய அப்பா உமிக்கரியில் தேய்த்தே எண்பது வயது வரை கரும்பு கடித்தாராம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாரும் செக்கப் போக வேண்டும் என்கிறார்களே, உண்மையிலேயே அவசியமா? அறுவடை முடிந்து போனால் போதுமா? அப்புறம் ஒன்று. அத்தை, அதாவது என் மாமியார், வெற்றிலை போடுவார். கொஞ்ச நாளாகக் குழம்பில் காரம் கூடிவிட்டது, வாய் எரிகிறது என்று என்னோடு சண்டை. ரசம் சாதமும் மோர் சாதமும்தான் இறங்குகிறது. வயசானால் அப்படித்தானோ?

– ஒரு வாசகி, வலங்கைமான் வட்டம்

பதில்: "அப்புறம் ஒன்று" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ளப் போகிறேன். உங்கள் குழம்பில் காரம் கூடியிருக்காது. வெற்றிலை போடும் ஒருவருக்கு, நேற்று வரை சாப்பிட்ட காரம் இன்று எரிகிறது என்றால் அதை வயசின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

பாக்கை வருஷக்கணக்காக மென்றுவந்தால் கன்னத்தின் உட்பக்கத் தோல் மெல்ல மெல்ல வெளுத்து இறுகும். விரலால் தடவினால் உள்ளே நார் நாராகத் தட்டுப்படும். காரம் பட்டால் எரிவது இதன் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. பிறகு வாய் திறப்பது குறையும். ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன், வீட்டிலேயே செய்யலாம். அத்தைக்கு முன்பற்கள் இருந்தால், அவருடைய கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்படி மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவில் நுழைக்கச் சொல்லுங்கள். மூன்றும் நுழைய வேண்டும். இரண்டோடு நின்றுவிட்டால் வாய் இறுக ஆரம்பித்துவிட்டது என்று பொருள். இந்த இறுக்கம் ஏற்பட்ட பிறகு பழைய நிலைக்கு முழுசாகத் திரும்புவதில்லை. பாக்கை நிறுத்தினால் அது மேலே முற்றாமல் தடுக்கலாம். நிறுத்தாமல் விட்டால் அந்த இடத்திலேயே புற்று வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

அடுத்ததாக, பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லிவிட்டு, கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் இரண்டு ஓரம், நாக்கைத் தூக்கினால் தெரியும் அடிப்பகுதி, புகையிலையை அடக்கி வைக்கும் இடம், இவற்றைப் பாருங்கள். வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் போலச் சிவந்த திட்டு, தடிப்பு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காதீர்கள். வெள்ளையைவிடச் சிவப்பு இன்னும் ஆபத்தானது. வலிக்காது என்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. உங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும் அத்தையை டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். வாய் எரிச்சலுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு வாயில் பூஞ்சை வரும். ரத்தசோகையிலும் நாக்கு எரியும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து நாக்கு எரிவதும் உண்டு. இதில் எது என்று வாயைப் பார்த்து, தேவைப்பட்டால் ரத்தம் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

கும்பகோணத்துப் பக்கம் இருந்துகொண்டு வெற்றிலையைப் பற்றிப் பேசுவது எனக்கும் சங்கடம்தான். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் கன்னத்தை இறுக்குவது கொழுந்து இலை இல்லை, பாக்கு. புகையிலை சேர்க்கவில்லை, வெறும் சீவல்தான் என்று பலர் என்னிடம் நிம்மதியாகச் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத தாம்பூலமும் தனிப் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றை உண்டாக்குபவையே என்று 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. உலகில் வாய்ப்புற்று வருபவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் இந்தியர் என்பதற்கு இந்தப் பாக்கும் புகையிலையும்தான் பெரும் காரணம்.

அத்தையிடம் இதைச் சண்டையாக ஆரம்பிக்காதீர்கள். குழம்புத் தகராறு வேறு ஏற்கெனவே இருக்கிறது. "கண் டாக்டரைப் பார்த்தோம், சர்க்கரை டாக்டரைப் பார்த்தோம், வாயையும் ஒருதடவை பார்த்துவிடலாம்" என்று கூட்டிப் போங்கள். வெற்றிலையை விடச் சொல்லும் வேலையை டாக்டர் பார்த்துக்கொள்வார். சந்தேகமான இடத்திலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றால் மறுக்காதீர்கள். கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்று ஊரில் சொல்வார்கள், அது தவறு. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்ட வாய்ப்புற்றைக் குணப்படுத்த முடியும். முற்றிய பிறகு வந்தால் தாடையில் பாதியை எடுக்க வேண்டிவரும். பல் எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் அத்தைக்கும் இருக்கலாம், அவர் வயதில் முக்கால்வாசிப் பேருக்கு இருக்கிறது. பல் நரம்புக்கும் பார்வை நரம்புக்கும் சம்பந்தமில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வலிக்காத பல்லை ஏன் காட்ட வேண்டும்?

பல்லின் மேல்பூச்சான எனாமலுக்கு நரம்பு கிடையாது. சொத்தை அங்கேதான் ஆரம்பிக்கும். நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவையும் வாயிலுள்ள கிருமிகள் தின்று அமிலமாக்குகின்றன, அந்த அமிலம் எனாமலைக் கரைக்கிறது. மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் இது நடக்கும், பல்லுக்குரியவருக்கு ஒன்றும் தெரியாது. எனாமலைத் தாண்டி அடுத்த அடுக்குக்கு வந்த பிறகுதான் ஐஸ் தண்ணீர் பட்டால் கூசும், இனிப்பு பட்டால் சுருக்கென்று இருக்கும். ராத்திரி தூக்கம் கெடுக்கிற வலி வந்துவிட்டது என்றால் பெரும்பாலும் நரம்பு வரை போய்விட்டது என்று அர்த்தம். அதற்குமேல் வேர் சிகிச்சை, அல்லது பிடுங்குவது, இரண்டே வழிதான். உங்கள் வீட்டுக்காரருக்கு மூன்று வருஷத்துக்கு முன் ஆன செலவு டாக்டரிடம் போனதால் ஆனது இல்லை. வலிக்கும் வரை போகாமல் இருந்ததால் ஆனது. அதே பல்லை அதற்கு ஒரு வருஷம் முன்னால் காட்டியிருந்தால் ஒரே தடவை உட்கார்ந்து அடைத்துவிட்டுப் போயிருப்பார், செலவும் பல மடங்கு குறைந்திருக்கும்.

அவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: நாற்று நட்ட வயலில் தண்ணீர் நிறைந்து நிற்கும்போது, காலையில் எதற்காக மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பைச் சுற்றி வருகிறீர்கள்? வரப்பில் நண்டு வளை இருக்கிறதா என்று பார்க்கத்தானே? ஒரு மிதி மண்ணில் அடைபடுகிற வளையை விட்டுவிட்டால் வரப்பே உடைந்து போகும் என்று அவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதோடு இன்னொன்றையும் அவர் காதில் போட்டு வையுங்கள். வேர் சிகிச்சை செய்த பல்லில் நரம்பை எடுத்துவிட்டார்கள். இனிமேல் அந்தப் பல் கேப்புக்கு அடியில் மறுபடி சொத்தையானாலும் கூசாது, வலிக்காது. ஒருநாள் சாப்பிடும்போது கேப்போடு உடைந்து கையில் வரும்போதுதான் தெரியும். அவ்வளவு பணம் கொட்டிக் காப்பாற்றிய பல்லையாவது வருஷம் ஒருமுறை காட்டிக்கொள்ள வேண்டாமா?

உங்கள் பெண்ணின் விஷயம் எனக்கு இன்னும் அவசரமாகத் தோன்றுகிறது. "பால்பல்தானே" என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வது அனேகமாகத் தவறு. ஆறு வயதை ஒட்டி, எந்தப் பால்பல்லும் விழாமலே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு. இவை நிலையான பற்கள். ஏதும் விழாமல் முளைப்பதால் பெற்றோருக்கு இவை வந்ததே தெரிவதில்லை, பால்பல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். புதிதாக முளைத்த பல்லின் எனாமல் இன்னும் கெட்டிப்படவில்லை, மேலே பள்ளமும் கோடுமாக இருக்கும், பிரஷ் எட்டாத மூலையில் இருக்கிறது. முதலில் சொத்தையாகும் நிலையான பல் பெரும்பாலும் இதுதான். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இந்தப் பல்லில் வேர் சிகிச்சை செய்ய வேண்டிவரும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கும். வாழ்நாள் முழுக்க மெல்ல வேண்டிய பல் அது.

வீட்டிலேயே எண்ணிப் பாருங்கள். முன்பக்க நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாகப் பின்னோக்கி எண்ணுங்கள். முன்பல் இரண்டு, கோரைப்பல் ஒன்று, பால் கடைவாய்ப் பல் இரண்டு, ஆக ஐந்து. விழுந்து பொக்கையாக இருக்கும் இடத்தையும் ஒரு பல்லாக எண்ணிக்கொள்ளுங்கள். ஆறாவது இடத்தில் இருப்பது நிலையான பல். சொத்தை என்று எழுதியிருப்பது அந்த ஆறாவது பல்லைத்தான் என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

நாலாவதோ ஐந்தாவதோ என்றால், அது பால்பல்தான். அப்போதும் விழட்டும் என்று விட முடியாது. முன்பக்கப் பால்பற்கள் ஆறேழு வயதில் விழும். கடைவாய்ப் பால்பற்கள் விழ ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஆகும். அவளுக்கு ஏழுதான். இன்னும் சில வருஷம் அவள் அந்தப் பல்லில்தான் மெல்ல வேண்டும். சொத்தை முற்றிச் சீழ் வைத்தால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையான பல்லும் கெடலாம். சீக்கிரமே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்து வந்துவிடும், பின்னால் முளைக்க வேண்டிய பல்லுக்கு இடமில்லாமல் கோணலாக முளைக்கும். பல்லுக்குக் கம்பி போட வருகிற பிள்ளைகளில் சிலரின் கதை இப்படி ஆரம்பித்ததுதான்.

சொத்தை சிறியதாக இருந்தால் அடைத்துவிடுவார்கள், ஊசிகூடத் தேவைப்படாமல் போகலாம். மற்ற ஆறாம் பற்கள் நன்றாக இருந்தால், அவற்றின் பள்ளங்களில் பூசி மூடும் சீலன்ட் என்ற பூச்சைப் பற்றிக் கேளுங்கள். சில நிமிட வேலை, வலி கிடையாது. இந்த வயதில் செய்யக்கூடியவற்றில் இதைவிட லாபமான காரியம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

பள்ளிக்கு வந்தது தேசியச் சிறார் நலத் திட்டத்தின் குழுவாக இருக்கும். 2013-ல் தொடங்கிய திட்டம் அது, 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அரசு மருத்துவமனைக்குப் போகும்போது கையில் கொண்டுபோங்கள். கும்பகோணம் அரசு தலைமை மருத்துவமனையிலும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பல் பிரிவு இருக்கிறது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் சிதம்பரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, புதுக்கோட்டையிலும் 2023-ல் ஒன்று வந்துவிட்டது. தனியாரிடம்தான் போக வேண்டும் என்று இல்லை. காத்திருக்க வேண்டிவரும், காலையிலேயே போய்விடுங்கள்.

இரண்டரை வயதுப் பையனுக்கு இவ்வளவு சின்ன வயதில் பல் டாக்டர் எதற்கு என்று தோன்றும். முதல் பல் முளைத்ததும், அதிகபட்சம் முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை காட்ட வேண்டும் என்பதுதான் குழந்தைப் பல் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நீங்கள் ஒன்றரை வருஷம் தள்ளிவிட்டீர்கள், பரவாயில்லை. அக்காவோடு அவனையும் கூட்டிப் போங்கள். அவள் வாயைப் பார்ப்பதை வேடிக்கை பார்த்தாலே அவனுக்குப் பாதி பயம் போய்விடும். "அடம் பிடித்தால் டாக்டர் ஊசி போடுவார்" என்று மட்டும் வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். எங்கள் வேலையை இதைவிடக் கெடுக்கும் வாக்கியம் கிடையாது.

அவன் ராத்திரி பாட்டிலில் பால் குடித்துக்கொண்டே தூங்குகிறானா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் மேல் உதட்டைத் தூக்கி மேல்வரிசை முன்பற்களைப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் முதல் படி. இந்தப் படியில் இருந்தால், எனாமலைக் கெட்டிப்படுத்தும் ஃபுளோரைடு வார்னிஷ் பூசி, இரவுப் பாலை நிறுத்திப் பல்லை மீட்டுவிடலாம். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் மீட்க முடியாது. பாலில் போடுவது சர்க்கரை இல்லை, பனங்கற்கண்டு, நாட்டுச் சர்க்கரை என்று பாட்டிமார் சொல்வார்கள். வாயிலிருக்கும் கிருமிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. பல் தேய்த்த பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். பேஸ்ட் ஃபுளோரைடு உள்ளதாக, அவனுக்கு ஒரு அரிசி அளவு, அக்காவுக்குப் பட்டாணி அளவு. இருவருக்கும் நீங்களோ வீட்டுக்காரரோதான் தேய்த்துவிட வேண்டும். ஏழெட்டு வயது வரை பிள்ளைகளுக்குத் தானாகச் சரியாகத் தேய்க்க வராது.

இனி வீட்டுக்காரர். தேய்க்கும்போது ரத்தம் வருவது ஈறு வீங்கியிருப்பதன் அடையாளம். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் படியும் அழுக்கை எடுக்காமல் விட்டால் அது காரையாகக் கெட்டிப்பட்டுவிடும், பிறகு எந்தப் பிரஷாலும் போகாது. காரைக்கு அடியில் கிருமிகள் சேர்ந்து ஈறைப் புண்ணாக்கி, அடுத்து பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கரைக்கும். இதிலும் வலி கிடையாது. நாற்பதில் ரத்தம், ஐம்பதில் ஈறு இறங்குவது, அறுபதில் பல் ஆட்டம் என்று நிதானமாக நடக்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. ரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் விட்டுத் தேய்ப்பது எல்லாரும் செய்கிற தப்பு, அங்கேதான் இன்னும் பொறுமையாக, மென்மையான பிரஷால் தேய்க்க வேண்டும்.

காரையை எடுக்கும் ஸ்கேலிங் என்றதும் "பல் ஆடிவிடும், எனாமல் தேய்ந்துவிடும்" என்பார். இதைக் கேட்காமல் எனக்கு ஒரு வாரம் போகாது. ஸ்கேலிங் பல்லை ஆட்டாது. ஏற்கெனவே எலும்பு கரைந்து ஆடத் தொடங்கிய பல்லைக் காரை சிமென்ட் மாதிரி பிடித்து வைத்திருக்கும், அதை எடுத்ததும் இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. பல்லுக்கு நடுவில் இடைவெளி வந்ததுபோலத் தோன்றுவதும் அப்படித்தான், அங்கே இருந்தது பல் இல்லை, காரை. சில நாள் கூச்சம் இருக்கும், அது போய்விடும்.

அத்தைக்குச் சர்க்கரை இருப்பதால் இங்கே இன்னொரு சங்கதி. சர்க்கரை ஏறினால் ஈறு நோய் முற்றும். ஈறில் நோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கஷ்டமாகும். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். சர்க்கரைக்கு மாதாமாதம் மாத்திரை வாங்கும் பலருக்கு இதை யாரும் சொல்வதே இல்லை.

மாமனாரின் உமிக்கரிக்குப் பதில் சொல்லாமல் விட்டால் உங்கள் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் அப்பா எண்பதில் கரும்பு கடித்திருக்கலாம், நான் நம்புகிறேன். ஆனால் அவர் பல்லைக் காப்பாற்றியது உமிக்கரியைவிட அவர் சாப்பிட்ட சாப்பாடு என்பது என் கருத்து. அந்தக் காலத்தில் வயலுக்குப் போனவர் காலையில் நீராகாரம், மதியம் சோறு, ராத்திரி சோறு என்று இருந்தார். இப்போது காலையில் டீ, பதினொரு மணிக்கு டீயும் பன்னும், நாலு மணிக்கு டீயும் பிஸ்கெட்டும், நடுவில் குளிர்பானம். ஒவ்வொரு தடவை இனிப்பு உள்ளே போகும்போதும் சில நிமிடத்தில் வாயில் அமிலம் ஏறுகிறது, எச்சில் அதைச் சரிக்கட்ட அரைமணியிலிருந்து ஒருமணி நேரம் ஆகிறது. எவ்வளவு இனிப்பு சாப்பிடுகிறோம் என்பதைவிட எத்தனை தடவை சாப்பிடுகிறோம் என்பதுதான் பல்லுக்கு முக்கியம். திருவையாறு அசோகா அல்வாவைச் சாப்பாட்டோடு சாப்பிட்டு வாய் கொப்பளிப்பவரைவிட, நாளெல்லாம் மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டிருப்பவருக்குத்தான் சொத்தை அதிகம் வரும்.

உமிக்கரி சொரசொரப்பானது. கறையை நன்றாக எடுக்கும், கூடவே எனாமலையும் எடுக்கும். விரலால் அழுத்தித் தேய்த்த பலருக்குப் பல்லின் கழுத்துப் பக்கம் அரித்துப் பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வேப்பங்குச்சியின் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. ஆனால் அது கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்துக்கும் பல்லிடுக்குக்கும் எட்டாது, அதில் ஃபுளோரைடும் இல்லை. மெல்லத்தான் வேண்டும் என்றால் மெல்லட்டும், காலையும் ராத்திரியும் பேஸ்டும் பிரஷும் கட்டாயம்.

பணம் பிடுங்குவார்கள் என்ற பயத்தை நான் சிரித்துத் தள்ளப் போவதில்லை. எங்கள் தொழிலிலும் எல்லா வகை மனிதரும் இருக்கிறார்கள். செக்கப் என்பது பார்ப்பது மட்டுமே. பார்த்த அன்றே எல்லாச் சிகிச்சைக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. "எந்தப் பல், எங்கே என்று கண்ணாடியில் காட்டுங்கள்" என்று கேளுங்கள். எக்ஸ்ரே எடுத்திருந்தால் அதில் சொத்தை எது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். "ஆறு மாதம் பொறுத்தால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். இது நல்ல கேள்வி. நேர்மையான டாக்டர் கோபப்பட மாட்டார். கறுப்பாகத் தெரியும் கோடெல்லாம் சொத்தை இல்லை, சில வெறும் கறை. சில சொத்தைகள் நின்றுபோயிருக்கும், அவற்றைக் கண்காணித்தால் போதும். ஒரே நாளில் நாலைந்து வேர் சிகிச்சை என்று சொன்னால், வலியோ வீக்கமோ இல்லாத பட்சத்தில் இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிட்டு முடிவெடுங்கள். எக்ஸ்ரே என்றதும் மட்டும் சந்தேகப்படாதீர்கள். இரண்டு பல்லுக்கு நடுவில் ஆரம்பிக்கும் சொத்தை பெரும்பாலும் டாக்டரின் கண்ணுக்கும் தெரியாது. அந்தச் சின்னப் படத்துக்கான கதிர்வீச்சு மிகக் குறைவு. ஆனால் போகும் ஒவ்வொரு தடவையும் அது தேவையும் இல்லை.

ஆறு மாதம் என்பதும் எல்லாருக்குமான சட்டம் இல்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ், ஒருவருக்கு எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெரியவர்களுக்கு மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை இடைவெளி விடலாம் என்றும், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. உங்கள் வீட்டுக்கு நான் போடும் கணக்கு இது: அத்தைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வீட்டுக்காரருக்கு ஈறு சரியாகும் வரை ஆறு மாதம், பிறகு வருஷம் ஒருமுறை. பிள்ளைகளுக்கு ஆறு மாதம். காலாண்டு லீவில் ஒன்று, முழு ஆண்டு லீவில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் பள்ளிக்கூடமும் கெடாது, மறக்கவும் மறக்காது. பார்க்கிற டாக்டர் இதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

நாலு பேருடைய வாயைப் பற்றியும் எழுதிவிட்டு உங்கள் வாயைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பெண்கள் எழுதும் கடிதங்களில் இது வழக்கம்தான். பிள்ளைகளைக் கூட்டிப் போகும் அன்றே நீங்களும் அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடுங்கள். பிரசவ காலத்தில் ஈறு வீங்கி ரத்தம் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அறுவடை முடிந்து போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். அத்தைக்குக் கூடாது, இந்த வாரமே. காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு வரட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் பல்லுக்காக அதைத் தானாக நிறுத்தக் கூடாது. பெண்ணையும் பையனையும் அதே பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் வேண்டுமானால் அறுவடைக்குப் பிறகு வரட்டும். இடையில் வீட்டில் யாருக்காவது பல்வலி வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கி ஒருநாள் தள்ளலாம். ஆனால் மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பதோ, புகையிலையை அடக்குவதோ வேண்டாம், இரண்டும் ஈறை வேகவைத்துவிடும். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனால், அன்றைக்கே, ராத்திரியானாலும், அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.